நாலு தெரு தள்ளி

கம்பெனியில் கொடுத்த சீட்டை லிஃப்ட் மெக்கானிக் பஸ் கிளம்பிய பிறகுதான் ஒழுங்காகப் படித்தார். எட்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு லிஃப்டுகளுக்கும் இரும்புக் கயிறு மாற்றி, மோட்டாரைப் பிரித்துப் பூட்ட வேண்டும். இரண்டு வார வேலை. அதெல்லாம் தெரியும். தங்கும் இடத்தைத்தான் பார்க்காமல் விட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், காலைச் சாப்பாட்டோடு மூன்று அறைகள் வாடகைக்கு விடும் ஒரு வீடு. தெருவின் பெயரைப் படித்ததும் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் பதினெட்டு வருஷம் மனைவியோடும் மகளோடும் குடியிருந்த வீட்டிலிருந்து அந்தத் தெரு நாலு தெரு தள்ளி இருந்தது.

அங்கிருந்து போய் ஆறு வருஷம் ஆகிறது. சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் போட்டது போட்டபடி ஓடுகிற வேலை அவருடையது. வீட்டில் இருக்கிற நேரத்திலும் பேச்சு கிடையாது. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போன வருஷம், ஒரு நாள் அவருக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மனைவி சொன்னாள்: "எனக்கு அலுத்துப்போச்சு. தனியா இருக்கறதுன்னு ஆயிட்டா, நிஜமாவே தனியா இருந்துடறேன்." அவர் துணிப்பெட்டியும் கருவிப்பையுமாக, ஆறு மணி நேரத் தொலைவில் இருந்த வேறொரு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கி வந்தவர் என்பதெல்லாம் அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரம்மாள் நல்ல பேச்சுக்காரி. பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"இந்தப் பக்கம் முன்ன பின்ன வந்திருக்கீங்களா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள், "வந்திருக்க மாட்டீங்க, மூஞ்சியிலயே தெரியுது" என்று அந்தம்மாளே பதிலும் சொல்லிக்கொண்டார். "கவலைய விடுங்க, நான் சொல்றேன். வெளிய போய் வலது பக்கம் திரும்பினா ரொட்டிக்கடை. அங்க பன் மட்டும் வாங்குங்க, கேக் வேண்டாம், செங்கல்லு. அதைத் தாண்டினா ஒரு முடிவெட்டுற கடை. அதுக்கும் அந்தப் பக்கம் ஒரு வறுத்த கோழிக் கடை இருக்கு. பாத்தா அழுக்கா இருக்கும், ஆனா சாப்பிட்டுப் பாத்தா விடமாட்டீங்க."

அந்தக் கோழிக் கடையில் மாதம் நாலு தடவை பார்சல் வாங்கியவர் அவர். அந்த முதல் நிமிஷத்தில் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துச் சொன்னால், இத்தனை நேரம் ஏன் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றாகிவிடும். அந்தம்மாள் ஒரு காகிதத்தில் தெருக்களைக் கோடு போட்டுக் காட்டினார். அவருடைய பழைய தெருவும் அதில் ஒரு கோடாக வந்தது. தலையை ஆட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். சுட்ட ரொட்டி, வேகவைத்த முட்டை, வெண்ணெய், சின்னக் கிண்ணத்தில் ஆரஞ்சுத் தோல் ஜாம். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஜாம் பக்கமே போகக் கூடாது. மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு நாள்தானே என்று ரொட்டியில் ஒரு கரண்டி தடவிக் கடித்தார். பல்லுக்கிடையில் ஏதோ நறுக்கென்று உடைந்து நாக்கில் காரம் ஏறியது.

மிளகு. ஒன்றிரண்டாக இடித்த மிளகு.

ஆரஞ்சு ஜாமில் மிளகு போடுகிறவள் என்று உலகத்திலேயே ஒருத்தியைத்தான் அவருக்குத் தெரியும். மகளுக்கு ஐந்து வயதில் விடாத இருமல். மிளகை எதில் கலந்து கொடுத்தாலும் துப்பிவிடுவாள். கடைசியில் மனைவி ஜாமில் போட்டுக் கொடுத்ததும் சத்தமில்லாமல் சாப்பிட்டாள். இருமல் போன பிறகும் மிளகு போகவில்லை.

"ஜாம் எங்க வாங்கறீங்க?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பாடுபட வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா, கேட்டுட்டீங்க! கேக்காதவங்களே கிடையாது. நாலு தெரு தள்ளி ஒரு அம்மா செஞ்சு தர்றாங்க. செவ்வாயும் வெள்ளியும் காலைல ஏழு மணிக்குக் கொண்டு வருவாங்க. அமைதியான பொம்பள. நான் பத்து வார்த்த பேசினா அவங்க ஒண்ணு பேசுவாங்க. பாவம், வீட்டுக்காரர் இல்லை."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைதான். கிளறிக் கேக்கறது நல்லாவா இருக்கும்? தவறிப் போயிட்டாருன்னுதான் நினைக்கிறேன்."

அவர் முட்டையை உரித்துக்கொண்டே இருந்தார். ஓட்டோடு வெள்ளைக்கருவும் பாதி வந்துவிட்டது.

மகள் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வாள். "அம்மா எப்படி இருக்கா?" என்று அவர் கேட்பார். "நல்லா இருக்காப்பா" என்பாள். ஆறு வருஷமாக அவ்வளவுதான். அம்மா என்ன செய்கிறாள், பொழுது எப்படிப் போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே கிளம்பிவிட்டார். "சாப்பிடாம எங்க ஓடறீங்க?" என்று வீட்டுக்காரம்மாள் கதவுவரை துரத்தி வந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மோட்டார் அறையில் கிரீஸ் கையை வேட்டித்துணித் துண்டில் துடைத்துவிட்டுப் பிரித்தால், ரொட்டியில் ஜாம் தாராளமாகத் தடவியிருந்தது. ஒரு துளி விடாமல் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமையும் அப்படியே ஓடினார். மற்ற நாட்களில் மேஜையில் உட்கார்ந்து, தினமும் ஒரே ஒரு கரண்டி என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோழிக் கடைப் பக்கம் போனார். போகக் கூடாது என்றுதான் இருந்தார், வாசனை இழுத்துவிட்டது. அடுப்புக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் இடுக்கியை உயர்த்திக் காட்டினார்.

"அட, லிஃப்ட் சார்! எங்க போயிட்டீங்க? ஆளையே காணோம்!"

"வேலை, வெளியூர்..."

"அதானே பாத்தேன். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? வழக்கம் போல ரெண்டு பார்சல்தானே?"

கேட்டுக்கொண்டே கடைக்காரர் இரண்டாவது பொட்டலத்தைக் கட்டிவிட்டார். அவரும் வாங்கிக்கொண்டார். ஒரு தெருவில் அவர் செத்துப்போயிருந்தார், அடுத்த தெருவில் இன்னும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் போய்த் திருத்த அவருக்குத் தெம்பு இல்லை.

இரண்டு பொட்டலத்தோடு அறைக்குத் திரும்பியபோது வீட்டுக்காரம்மாள் சமையலறை மேஜையில் தனியாக உட்கார்ந்து ஒரு தட்டில் பிஸ்கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதுதான் ராத்திரிச் சாப்பாடு போலிருந்தது. கையில் கனத்த இரண்டாவது பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மேஜைமேல் வைத்தார்.

"எனக்கா?" அந்தம்மாள் கையை மார்பில் வைத்துக்கொண்டார். "எனக்கா வாங்கிட்டு வந்தீங்க?"

"சூடா இருக்கு. சாப்பிடுங்க."

அந்தம்மாள் பீங்கான் தட்டுகள் இரண்டை எடுத்துத் துடைத்தார். "இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம். வர்றவங்களுக்கெல்லாம் அங்க போங்க, இதைச் சாப்பிடுங்கன்னு சொல்லி அனுப்பறேன். எனக்குன்னு ஒருத்தர் ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்தது இன்னிக்குத்தான்" என்றார். அப்புறம் பேசவே இல்லை. எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டார். மெக்கானிக் தன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மழை. ஆறரைக்குக் கிளம்பலாம் என்று இறங்கி வந்தவரை வீட்டுக்காரம்மாள் மடக்கினார். "இந்த மழையில நனைஞ்சு போய் மோட்டாரத் தொட்டு உயிர விடப்போறீங்களா? உக்காருங்க. முட்டை வெந்துட்டே இருக்கு." உட்கார்ந்தார். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, சாப்பிட்டதும் ஓடிவிடலாம். மாத்திரை அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ரொட்டியை எடுத்து, முதல் கரண்டி ஜாம் தடவினார்.

மழைக்காக அவளும் சீக்கிரம் கிளம்பியிருக்கிறாள். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, துணிப்பையோடு உள்ளே வந்தவள் அவரைப் பார்த்தாள். தலைமுடி முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. மற்றபடி அவள்தான்.

"வாங்க, வாங்க!" வீட்டுக்காரம்மாள் முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றார். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. உங்க ஜாமுக்குப் பைத்தியமா அலையற ஒரு ஆளு இருக்காருன்னு சொன்னேன்ல? இவருதான். லிஃப்ட் வேலையா வந்திருக்காரு."

அவள் பையிலிருந்து ஜாம் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூன்றாவது பாட்டிலை வைத்த பிறகு கேட்டாள்: "சாருக்கு எந்த ஊரு?"

"கிழக்க. ஆறு மணி நேரம்."

"இங்க புதுசா?"

"ம்."

"நான்தான் எல்லா இடமும் சொல்லிக் கொடுத்தேன்" என்றார் வீட்டுக்காரம்மாள். "பாவம், ஒண்ணும் தெரியாம வந்து நின்னாரு."

"நல்லதும்மா. தெரியாத இடத்துல எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்." நாலாவது பாட்டில் மேஜைக்கு வந்தது.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவருக்கு இருந்தது. "மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

"எப்பவும் போடற அளவுதான் சார். சாப்பிடறவங்க வாய் மாறியிருக்கும்."

வீட்டுக்காரம்மாள் சிரித்துக்கொண்டே கெண்டியில் வெந்நீர் ஊற்றப் போனார். அவள் ஐந்தாவது பாட்டிலை வைக்கக் கையை நீட்டியபோதுதான் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. எடுத்துத் திருப்பிப் படித்தாள். அவளுடைய அம்மாவுக்கு அதே மாத்திரையைப் பத்து வருஷம் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவள். கடித்தது பாதி, கடிக்காதது பாதியாக அவர் கையில் இருந்த ரொட்டியை வெடுக்கென்று பிடுங்கித் தட்டோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

"இதப் போட்டுக்கிட்டு இதையும் தின்னா வெளங்குமா? பாப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. சொல்லல."

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் அடுப்புப் பக்கம் நினைவு போனது. வீட்டுக்காரம்மாள் கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவள் ஆறாவது பாட்டிலைப் பையிலேயே விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விட்டாள்.

"பாப்பான்னா?" என்றார் வீட்டுக்காரம்மாள்.

"எங்க பொண்ணு."

அந்தம்மாள் கெண்டியை இறக்கிவைத்தார். வெந்நீர் யாருக்கும் தேவைப்படவில்லை. "அப்ப இந்தத் தெரு, அந்தத் தெரு, எல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"பதினெட்டு வருஷம் இருந்தேன்."

"நான் கோடு போட்டுக் காட்டினேன். நீங்க வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டீங்க." அந்தம்மாள் குரல் உயரவில்லை. "சரி, அத விடுங்க. அந்தக் கோழிப் பொட்டலம்? அது எனக்கு வாங்கினதுதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள் வாயை மூடியிருந்ததே போதும் என்று தோன்றியது. "கடைக்காரர் பழக்கத்துல ரெண்டு கட்டிட்டாரு" என்றார்.

அந்தம்மாள் தலையை ஆட்டினார். ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

புதன்கிழமை மேஜையில் முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் இருந்தன. ஜாம் இல்லை, பேச்சும் இல்லை. பக்கத்து அறைக்கு வந்திருந்த இளம் தம்பதிக்கு அந்தம்மாள் வழி சொல்லும் குரல் மட்டும் முன்கூடத்திலிருந்து கேட்டது. அதிலும் பழைய ஏற்ற இறக்கம் இல்லை; பஸ் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது லிஃப்டிலும் எடைக்கற்களை ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே திரும்பினார். குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கோழிக் கடைக்குப் போறேன். நீங்களும் வரணும். உங்களைத்தான் கூப்பிடறேன்."

"எனக்கு வேலை இருக்கு."

"பிஸ்கட் அடுக்கறதா?"

அந்தம்மாள் முறைத்தார். பிஸ்கட் டப்பாவை மூடிவிட்டு, "செருப்ப மாட்டிக்கிட்டு வர்றேன், இருங்க" என்றார்.

கடையில் நாலே மேஜைகள். அவர்கள் உட்கார்ந்ததும் கடைக்காரர் அடுப்பை விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நேரே வந்தார். "இத்தனை வருஷமா பார்சல்தான் போச்சு. இன்னிக்குத்தான் கூட்டிட்டு வர மனசு வந்துச்சா லிஃப்ட் சார்? இவங்கதான் வீட்டுக்காரம்மாவா?"

"வீட்டுக்காரம்மாதான்" என்றார் அவர். கடைக்காரர் கும்பிடக் கையை எடுப்பதற்குள் சேர்த்துச் சொன்னார்: "ஆனா நான் வாடகைக்குத் தங்கியிருக்கற வீட்டுக்கு. என் மனைவி இல்ல. நாங்க பிரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. போன வாரமே சொல்லியிருக்கணும், சொல்லல."

பிரிந்துவிட்டோம் என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊர் மாறிப் போன இடத்திலும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். கடைக்காரர் கைத்துண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அடடா" என்றார். கொஞ்சம் யோசித்து, "கால் துண்டு போடட்டுமா, நெஞ்சுத் துண்டா?" என்று கேட்டார்.

"எனக்குக் கால்" என்றார் வீட்டுக்காரம்மாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தம்மாள் சொன்னார்: "நான் கல்யாணமே பண்ணிக்கல. ஆபீஸ்ல இருந்தவரைக்கும் நூறு பேரு ஜன்னல் கிட்ட வந்து நிப்பாங்க. ஓய்வு கொடுத்ததும் ஒருத்தரும் இல்ல. அதான் அறை வாடகைக்கு விடலாம்னு வந்தேன். வர்றவங்க மூணு நாள் இருப்பாங்க, போயிடுவாங்க. திரும்பி வர்றேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க." எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நீங்க சொல்லாதீங்க. கேட்டு அலுத்துப்போச்சு."

அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஓடவில்லை. ஏழு மணிக்குப் பின்வாசலில் நின்றிருந்தார். அவள் பையோடு வந்து இரண்டடி தள்ளி நின்றாள்.

"நான் செத்துட்டேன்னு சொன்னியா?"

"இல்லைன்னு சொன்னேன். அது பொய்யா?"

"பொய்யில்ல."

"அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான் திருத்தல." அவள் பையை இடது கைக்கு மாற்றினாள். "என்னைப் பாக்கவா வந்தீங்க?"

"இல்ல. கம்பெனில போட்ட இடம். தெரிஞ்சதும் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடினேன்."

"ஓடறதுல உங்களுக்குக் கேக்கணுமா?" என்றாள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. "எப்பக் கிளம்பறீங்க?"

"நாளைக்கு."

"சர்க்கரை விஷயத்தப் பாப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிஞ்சு அவளுக்குத் தெரியலன்னா மனசு விட்டுப்போயிடும்."

"சரி." பிறகு, "நீ நல்லா இருக்கியா?" என்றார்.

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "முதல் ரெண்டு வருஷம் கஷ்டமா இருந்துச்சு. இப்ப இல்ல. இப்ப இதான் பழகிப்போச்சு." வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்வாளோ என்று அவர் ஒரு கணம் நின்றார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளே வீட்டுக்காரம்மாள் அவளை உட்காரச் சொல்வதும், நாற்காலி இழுபடுவதும் கேட்டன. இத்தனை நாளில் அவள் அங்கே உட்கார்ந்ததில்லை என்று அந்தம்மாள் முன்பு ஒரு முறை சொல்லியிருந்தார். உள்ளே போகத் தோன்றாமல் அவர் கருவிப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தன் ஊருக்கு வந்து சேர்ந்தார். ஐந்தாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்து வைத்தார். இரண்டு வாரத் தூசியைத் துடைத்தார். முட்டை ஒன்றை வேகப் போட்டுவிட்டு, மகளுக்கு அவரே போன் செய்தார்.

"என்னப்பா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே. உடம்புக்கு ஏதாவதா?"

சொன்னார். மகள் திட்ட ஆரம்பித்தாள். ரெண்டு வருஷமா, என்ன மாத்திரை, எந்த டாக்டர், வேளைக்குச் சாப்பிடறீங்களா, உங்களை யாரு பாத்துக்கறா என்று மூச்சு விடாமல் கேட்டாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "அடுத்த மாசம் வர்றேன்" என்றாள். "வா" என்றார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று வழக்கமாகக் கேட்பதை இன்று கேட்கவில்லை. பார்த்துவிட்டு வந்ததையும் சொல்லவில்லை. அதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

போனை வைத்தபோது முட்டை வெடித்துத் தண்ணீரெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் கீழேயிருந்து கிளம்பியது. சத்தத்தை வைத்தே எந்த மாடி என்று அவரால் சொல்ல முடியும். இரண்டு. மூன்று. நாலாவது மாடியில் நின்று கதவு திறந்தது. ஒரு குழந்தையின் குரலும், சாவிக்கொத்துச் சத்தமும், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதும் கேட்டன. கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டுத் திரும்பக் கீழே இறங்கிப் போனது.